பேட்டரி பாத்தீங்களா?

ஃப்ளாஷ் எரியாமல் போவதற்கு ஒன்பது காரணங்கள் இருப்பதாக, அதனுடன் வரும் சின்ன விளக்கப் புத்தகம் சொல்கிறது. ஃப்ளாஷ் வைத்தியருக்கு இருபத்தாறு தெரியும். மீதிப் பதினேழும் அவர் சொந்தக் கண்டுபிடிப்பு.

யார் இந்த ஃப்ளாஷ் வைத்தியர் என்கிறீர்களா? உங்களுக்குத் தெரிந்தவர்தான். புகைப்படத் தொழிலுக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ எழுதியதன் அடியில் கையெழுத்துப் போடுகிறவராக இருப்பார். ஆனால் ஒரு குடும்பமே தலை சீவி, சட்டை மடிப்பை நீவிவிட்டு, வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவின் முன்னால் நிற்கும்போது, வர வேண்டிய வெளிச்சம் வராமல் போய்விட்டால், பிடித்த மூச்சை அவர்கள் விடுவதற்குள் ஒரு குரல் கேட்கும்.

"பேட்டரி பாத்தீங்களா?"

அவர்தான்.

முன்பெல்லாம் ஃப்ளாஷ் கேமராவின் தலையிலேயே உட்கார்ந்திருந்தது. எரிந்தால் எரிந்தது, எரியாவிட்டால் ஒரு தட்டுத் தட்டினால் எரிந்தது. வைத்தியருக்கு அதில் பெரிய வேலை இல்லை. பிறகு, முகத்துக்கு நேராக வெளிச்சம் அடித்தால் எல்லோரும் அடையாள அட்டைப் படத்தில் விழுவதுபோல விழுகிறார்கள் என்று சொல்லி, ஃப்ளாஷைக் கழற்றிக் கொண்டுபோய் அறையின் மறு கோடியில் ஒரு கம்பத்தின் உச்சியில் மாட்டி, அதன் முகத்துக்கு ஒரு வெள்ளைக் குடையையும் பிடித்தார்கள். கேமராவின் தலையில் இப்போது இருப்பது தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தியதும் பெட்டி இங்கிருந்து "ம்" என்க வேண்டும். ஃப்ளாஷ் அங்கிருந்து "இதோ" என்று எரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கம்பி இல்லை. வெறும் காற்று.

அந்தக் காற்றில்தான் வைத்தியர் குடியேறினார்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்காது, பென்சில் அழிக்கும் ரப்பர் இருக்கும். ஃப்ளாஷின் அடியில் உள்ள செப்புப் புள்ளிகளைத் தேய்க்க அது உதவும் என்று என்றோ எங்கோ படித்திருக்கிறார். அன்றிலிருந்து தேய்க்கிறார். எரிகிற ஃப்ளாஷையும் தேய்ப்பார், முன்னெச்சரிக்கையாக. தேய்த்த பிறகு ஊதுவார். ஊதிய பிறகு காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே எதுவும் ஆடவில்லை என்றால் "ம்ஹூம்" என்பார். ஆடினாலும் "ம்ஹூம்" என்பார்.

பிறகு விசாரணை. "கடைசியா எப்ப எரிஞ்சுது? அப்ப யாரு பக்கத்துல இருந்தா? கீழ எங்கயாவது போட்டீங்களா? போட்டிருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க." கேமராக்காரர்கள் இந்த இடத்தில் பொதுவாகக் குற்றவாளி முகத்துடன் நிற்பார்கள். ஒன்றும் செய்யாதவர்கள்தான் அதிகம் வியர்ப்பார்கள்.

ஆனால் அவருடைய வைத்திய முறையின் உயிர்நாடி வேறு. சாதாரண மனிதன் ஒன்றை மாற்றுவான், எரிகிறதா என்று பார்ப்பான், எரியாவிட்டால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை மாற்றுவான். வைத்தியர் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுவார். பேட்டரியை மாற்றிக்கொண்டே, பெட்டியும் ஃப்ளாஷும் பேசிக்கொள்ளும் சானலை மாற்றுவார். சானலை மாற்றிக்கொண்டே கம்பத்தை இரண்டடி நகர்த்துவார். நகர்த்திக்கொண்டே குடையைக் கழற்றச் சொல்வார். அதற்குப் பிறகு எரிந்துவிட்டது என்று வையுங்கள். எதனால் எரிந்தது என்று உலகில் ஒருவராலும் சொல்ல முடியாது. அவர் மட்டும் சொல்வார். "நான் அப்பவே சொன்னேன்ல?" எப்பொழுது, என்ன சொன்னார் என்று கேட்டவர் இதுவரை யாருமில்லை. எல்லோருக்கும் படம் எடுத்து முடித்துவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

தெரியாது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நானும் கேட்டதில்லை.

இந்த இனத்தில் ஒருவரை அவருடைய வீட்டிலேயே, அதாவது அவருடைய மாமியார் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடி. ஹாலில் ஒரே ஒரு ஜன்னல். அதற்கும் வெளியே அன்று சாயங்காலம் மேகம் கவிந்திருந்தது. நடுவில் ஒரு நாற்காலி. அதில் அந்த வீட்டு அம்மா, நல்ல புடவை கட்டி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாற்காலிக்குப் பின்னால் இடப்பக்கம் பெரிய மகன், வலப்பக்கம் சின்ன மகன். இருவருக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இருவரும் பேசிக்கொண்டு மூன்று வருஷமாகிறது.

காரணம்? அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவது யார் முறை என்ற கேள்வி. அண்ணன் தம்பி என்றார், தம்பி அண்ணன் என்றார். அம்மா ஒரு வாடகை வண்டி பிடித்துப் போய், கண்ணைக் காட்டிவிட்டு, மருந்தும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிட்டார். இவர்கள் இருவரும் மட்டும் இன்னும் அந்தக் கேள்வியைவிட்டுத் திரும்பவில்லை.

அம்மா எதுவும் கேட்கிறவர் இல்லை. இந்த முறை கேட்டார். "எனக்கு ஒரே ஒரு படம் வேணும். ரெண்டு பேரும் என் ரெண்டு பக்கமும் நிக்கணும்." பெரியவர் வேறு ஊரிலிருந்து வந்தார், நிபந்தனையோடு. "நிப்பேன். எடுப்பாங்க. கிளம்பிடுவேன்." இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்து, ஸ்டேஷனுக்கு வண்டியும் சொல்லி, பெட்டியைக் கதவருகிலேயே வைத்திருந்தார். படம் விழாமல் அவர் படியிறங்கினால் அடுத்த தடவை எந்தக் காரணத்தைச் சொல்லி அழைப்பது என்று அம்மாவுக்குத் தெரியாது. மடியில் இருந்த கண்ணாடியை அவர் மடக்கி மடக்கிப் பிரித்துக்கொண்டிருந்தது அதனால்தான்.

இனி நம் வைத்தியர். இரண்டு மகன்களுக்கும் நடுவில் பிறந்த மகளின் கணவர். பெரியவருக்கு மாப்ள, சின்னவருக்கு மச்சான், அம்மாவுக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்பதால் "கொஞ்சம் சும்மா இருங்க" என்று அந்த வீட்டில் யாரும் அவரிடம் சொல்ல முடியாது. வைத்தியம் தழைக்க இதைவிட நல்ல மண் வேண்டுமா?

படம் எடுக்க வந்தவள் ஓர் இளம்பெண். கேமரா புதிது, வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வந்ததும் கம்பத்தை நட்டு, குடையை விரித்து, சின்னவரின் கைக்குழந்தையை இரண்டு மூன்று படம் எடுத்துப் பார்த்தாள். ஃப்ளாஷ் ஒழுங்காக எரிந்தது. கேமராவின் 'டக் டக்' சத்தத்துக்குக் குழந்தை ஒவ்வொரு முறையும் கெக்கலி கொட்டிச் சிரித்தது. சிரித்துக் களைத்து அடுத்த அறையில் தூங்கியும் போயிற்று. அதற்கப்புறம்தான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"ஏம்மா, குழந்தை தூங்குது. இந்த டக் டக் சத்தம் எதுக்கு? புது கேமரால்லாம் சத்தமில்லாம எடுக்குமே. சைலன்ட்னு ஒண்ணு இருக்கும், அதைப் போடு."

"இருக்கு சார்."

"எனக்குத் தெரியாதா?"

அவள் போட்டாள். எல்லோரும் நின்றார்கள். மூச்சைப் பிடித்தார்கள். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

"எடுத்தாச்சாம்மா?" என்றார் அம்மா, உதட்டை அசைக்காமல்.

"எடுத்தேன் ஆன்ட்டி. ஃப்ளாஷ் எரியல."

மாப்பிள்ளை படத்தில் தன் இடத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார். அந்த ஓர் அடியைப் பார்த்ததுமே அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

"பேட்டரி பாத்தீங்களா?"

"புதுசு சார். காலைலதான் மாத்தினேன்."

"புதுசுன்னு நீ சொல்ற. பேட்டரி சொல்லணும்ல?"

ஃப்ளாஷ் கம்பத்திலிருந்து இறங்கியது. ரப்பர் பையிலிருந்து வெளிவந்தது. தேய்த்தல், ஊதல், குலுக்கல், ம்ஹூம். மறுபடியும் ஏற்றினார்கள், மறுபடியும் நின்றார்கள், மறுபடியும் இருட்டு. பெரியவர் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே கைக்கடிகாரம் இல்லை, பழக்கம்தான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா அவர் பார்ப்பதைப் பார்த்தார்.

"சார், ஒரு நிமிஷம் குடுங்க, நானே பாக்கறேன்" என்றாள் பெண்.

"நீ இரும்மா. எனக்குப் புரிஞ்சுபோச்சு." மாப்பிள்ளை திரும்பி, ஹால் முழுக்கக் கேட்கும்படி, நோயைக் கண்டுபிடித்துவிட்ட குரலில் அறிவித்தார். "பிரச்சன ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசல. அவ்வளவுதான்!"

அவர் மனைவி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரே ரூம்லதான் இருக்கு. ஆனா இது ஒரு சானல், அது ஒரு சானல். இது பேசட்டும்னு அது இருக்கு, அது பேசட்டும்னு இது இருக்கு. யாராவது ஒண்ணு இறங்கி வந்தாத்தானே?"

அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பெரியவரின் காது சிவந்தது. "மாப்ள, யாரைச் சொல்றீங்க?"

"ஃப்ளாஷைத்தான் மச்சான். வேற யாரை?"

அவர் உண்மையாகவே ஃப்ளாஷைத்தான் சொன்னார். இந்த இனத்தின் தனிச் சிறப்பு அது. எதிரில் நிற்கும் மனிதர்கள் அவர் கண்ணில் படுவதே இல்லை. படம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்கான பொம்மைகள் அவர்கள்.

இரண்டையும் வேறொரு சானலுக்கு மாற்றினார். கேமராவின் தலையிலிருந்த பெட்டியில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு, அதை அழுத்தினார். ஃப்ளாஷ் பளிச்சென்று எரிந்தது. ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவர் மனைவிகூட "பரவால்லையே" என்றார். நின்றார்கள், மூச்சைப் பிடித்தார்கள், பெண் படம் எடுத்தாள். இருட்டு. பெட்டியை அழுத்தினார், எரிந்தது. படம் எடுத்தாள், எரியவில்லை. இப்படி மூன்று நான்கு தடவை.

இதிலிருந்து நீங்களும் நானும் என்ன முடிவுக்கு வருவோம்? பெட்டியும் ஃப்ளாஷும் பேசிக்கொள்கின்றன, கோளாறு கேமராவில் இருக்கிறது என்று. பெண்ணும் அங்கேதான் வந்துகொண்டிருந்தாள். "அப்படின்னா சார், கேமராலதான் ஏதோ..." என்று ஆரம்பித்தாள்.

"அதில்லைம்மா" என்றார் மாப்பிள்ளை. "நான் அழுத்தினா எரியுது. நீ அழுத்தினா எரியல. இதுல ஒரு விஷயம் இருக்கு."

"ஃப்ளாஷ் இல்லாமலே எடுத்துடலாமா சார்? ஜன்னல் பக்கம் எல்லாரும் வந்து நின்னா..."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அறுவைச் சிகிச்சையின் நடுவில் டாக்டரிடம் போய் ஒரு தைலம் தடவிப் பார்க்கலாமா என்று கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"அலை" என்றார் மெதுவாக. "அலை குறுக்க வருது."

அதன் பிறகு நடந்தது ஒரு பெரிய கட்டடத்தில் தீப்பிடித்தால் நடக்கிற ஒழுங்கோடு நடந்தது. எல்லோருடைய கைப்பேசியும் அணைக்கப்பட்டு ஒரு பாத்திரத்தில் போடப்பட்டது. பாத்திரம் சமையலறை அலமாரிக்குள் போயிற்று. இணையப் பெட்டி பிடுங்கப்பட்டது. பிரிட்ஜ் நிறுத்தப்பட்டது. அப்படியும் எரியாததால் மின்விசிறி மீது சந்தேகம் விழுந்தது. எந்த விசிறி என்று ஆராயப் பொறுமை இல்லாமல், மாப்பிள்ளை வாசல் பக்கம் போய் வீட்டின் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார். விசிறிகள் முனகிக்கொண்டே நின்றன. ஜன்னல் வழியாக வந்த மங்கல் மட்டும் மிச்சம்.

"இப்பப் பாருங்க" என்றார் அந்த மங்கலிலிருந்து.

பார்த்தார்கள். எரியவில்லை.

"அப்ப பேட்டரிதான். நான் முதல்லயே சொன்னேன்."

பெண் தன் பையிலிருந்து வேறு பேட்டரிகளை நீட்டினாள். "அதுவும் அதே கடைலதானே வாங்கினது?" என்று அவற்றை ஒதுக்கினார். நம்பிக்கையான பேட்டரி வேண்டும், வீட்டுப் பேட்டரி வேண்டும். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி ஒன்று எடுத்தார். குழந்தையின் பாட்டுப் பொம்மையைக் குப்புறப் போட்டு மூன்று எடுத்தார். இப்போது அந்த வீட்டில் மணி பார்க்க ஒரு வழியும் கிடையாது. ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய வண்டி கீழே வந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் அழைத்தார், பெரியவரின் கைப்பேசி பாத்திரத்துக்குள் அணைந்து கிடந்தது. மேலே ஏறி வந்து அழைப்பு மணியை அழுத்தினார். மின்சாரம் இல்லாத மணி சும்மா இருந்தது. கதவைத் தட்டியும் பார்த்திருப்பார். உள்ளே மாப்பிள்ளை பொம்மையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

புழுக்கம். நாற்காலிக்குப் பின்னால் இரண்டு பேர், தோளுக்கும் தோளுக்கும் ஒரு சாண் இடைவெளியில், நேராகப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டு நின்றார்கள். நகர முடியாது, நகர்ந்தால் "ஃபோகஸ் போயிடும்" என்று கட்டளை. இப்படி எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு நிற்பான்?

சின்னவர் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார், யாரிடமும் இல்லாமல்: "போன தடவ டிவி."

 பெரியவரும் அதே சுவரிடம் சொன்னார்: "அதுக்கு முன்னாடி தண்ணி மோட்டார்."

"மோட்டார் எரிஞ்சேபோச்சு."

"டிவி?"

"இப்ப படம் வராது. சத்தம் மட்டும் வரும். அம்மா அதுலதான் செய்தி கேக்கறாங்க."

பெரியவரின் மீசை லேசாக அசைந்தது. "என் காரு ஸ்டார்ட் ஆகலன்னு ஒரு நாள் போன் பண்ணேன். என்ன சொன்னாரு தெரியுமா?"

"பேட்டரி."

"பெட்ரோல் இல்லடா அதுல."

சின்னவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். தோள் குலுங்க ஆரம்பித்தது. "அண்ணே, என் பையன் சைக்கிள் பஞ்சராகி நின்னப்ப..."

"சொல்லாத. வேணாம்."

"சைக்கிளுக்கே கேட்டாருண்ணே. பேட்டரி பாத்தியான்னு."

மூன்று வருஷத்தில் முதல் 'அண்ணே' எது என்று யாராவது கணக்கு வைத்திருந்தால் அது அம்மாவாகத்தான் இருக்கும். அவர் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் கலைந்துவிடும் என்று பயந்தவரைப்போல, நேராக, இருட்டான கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மடக்குவது மட்டும் நின்றுபோயிருந்தது.

"அங்க என்ன பேச்சு? ஆடாதீங்க!" என்றார் மாப்பிள்ளை, கடிகாரப் பேட்டரியை நிமிர்த்திக்கொண்டே.

அடுத்த அறையில் விசிறி நின்ற புழுக்கத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. சாதாரண அழுகை இல்லை. குடியிருப்பு முழுவதற்கும் அறிவிப்பு. சின்னவரின் மனைவி தூக்கிக்கொண்டு ஓடி வந்து பாட்டுப் பொம்மையை ஆட்டினார். பொம்மை பாடவில்லை. அதன் பாட்டு ஃப்ளாஷுக்குள் போய்விட்டது. குழந்தை இன்னும் ஓங்கி அழுதது. சின்னவர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். கை முழுக்க வியர்வை. சட்டையில் துடைத்தார், சட்டையும் ஈரம்.

"குடு இப்படி" என்றார் பெரியவர்.

குழந்தை பிறந்ததிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அழுகை நிற்கவில்லை, ஆனால் புதுத் தோள் எப்படி என்று பார்க்க ஒரு கணம் தாமதித்தது.

"அந்த டக் டக் சத்தம் போடுங்களேன்" என்றார் சின்னவரின் மனைவி பெண்ணிடம். "அதைக் கேட்டா சிரிப்பா."

குழந்தைதான் விழித்துவிட்டதே, இனி என்ன? பெண் கேமராவில் சைலன்ட்டை எடுத்துவிட்டாள்.

அதே நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பேட்டரிகளைப் போட்டு மூடி, கழற்றியதில் ஒன்றைப் பல்லில் கடித்தபடி, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று, வலது உள்ளங்கையைக் கேமராவுக்கு நேராக விரித்தார். வைத்தியர்கள் சோதனைப் படத்துக்குக் கொடுப்பது எப்போதும் தங்கள் உள்ளங்கையைத்தான். "என் கையைப் பாத்து எடும்மா" என்று அவர் சொன்னது பேட்டரியைத் தாண்டி "எங்கையாத்து எழும்மா" என்று வந்தது.

அதைக் கேட்டதும் பின்னால் இருந்த இரண்டு பேரும் சிரிப்பில் உடைந்துபோனார்கள்.

டக். பளீர்.

வெளிச்சம் அறையின் நாலு மூலைக்கும் போய் வந்தது. குழந்தை கெக்கலி கொட்டியது. மாப்பிள்ளை பல்லிலிருந்த பேட்டரியை எடுத்துக் கையில் உயர்த்திப் பிடித்தார்.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல?"

நடந்தது இதுதான். அந்த மாதிரிக் கேமராவில் சத்தமில்லாமல் எடுக்கும் முறையைப் போட்டால் ஃப்ளாஷ் எரியாது. அதன் அமைப்பு அப்படி. போடச் சொன்னவர் மாப்பிள்ளை. அதை நீக்க வைத்தது குழந்தையின் அழுகை. அழ வைத்தது நின்றுபோன விசிறி. விசிறியை நிறுத்தியதும், பொம்மையின் வாயை அடைத்ததும் மாப்பிள்ளை. ஆகவே ஒரு நேர்மையான விசாரணைக் குழு அமைத்தால், அதைக் கெடுத்தவரும் அவர், சரிசெய்தவரும் அவர் என்றுதான் தீர்ப்பு வரும். இரண்டையும் அறியாதவர் அவர் ஒருவர்தான்.

விசிறி சுற்ற, விளக்கு எரிய, ஒழுங்கான படங்களும் பிறகு நிறையவே எடுத்தார்கள். மாப்பிள்ளை தன் இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு, அனைவரும் நேராகப் பார்க்க. எல்லாவற்றிலும் வெளிச்சம் துல்லியம். பாத்திரம் திறக்கப்பட்டது, பெரியவர் கைப்பேசியை உயிர்ப்பித்தார். தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன.

"வண்டிக்காரன் வந்துட்டுப் போயிருக்கான்."

"நான் கொண்டுபோய் விடறேண்ணே."

"ரயில் இந்நேரம் போயிருக்கும்டா."

"காலைல ஒண்ணு இருக்குல்ல?"

பெரியவர் கதவருகில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அவர் எடுப்பதற்குள் அம்மா அதை எடுத்து உள் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை.

கேமராக்காரப் பெண்ணுக்கு விஷயம் படியிறங்கும்போது புரிந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். திரும்பி ஏறிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். மேலே கதவு திறந்திருந்தது. "சைக்கிளுக்குண்ணே, சைக்கிளுக்கு!" என்று ஒரு குரலும், அதைத் தொடர்ந்து இரண்டு மூன்று பேர் மூச்சுமுட்டச் சிரிப்பதும், "நீங்க சிரிங்க, இப்ப எரிஞ்சுதா இல்லையா?" என்று இன்னொரு குரலும் கேட்டன. அவள் கம்பத்தைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

படங்கள் வந்ததும் எதைச் சட்டம் போடுவது என்று அம்மாவிடம் கேட்டார்கள். ஒழுங்கான படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்தார். முன்னால் பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய உள்ளங்கை. அதற்குமேல் வாயில் பேட்டரி கடித்த ஒரு முகத்தின் பக்கவாட்டு. விரல்களுக்கு இடையில், பின்னால், கண்ணை இடுக்கிச் சிரிக்கும் அம்மா. தோளில் குழந்தையோடு பெரியவர். அவருடைய இன்னொரு தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு சின்னவர்.

"அத்தை, இது டெஸ்ட் படம்" என்றார் மாப்பிள்ளை. "இதைப் போய் மாட்டுவாங்களா?"

"இதுலதான் மாப்பிள்ளை ரெண்டும் பேசுது" என்றார் அம்மா.

மாப்பிள்ளை படத்தை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தூரத்தில் வைத்துப் பார்த்தார். "அதுவும் சரிதான். ஒரே சானல்ல வந்துடுச்சு. என் கைல வெளிச்சம் எவ்வளவு கரெக்டா விழுந்திருக்கு பாருங்க."

இதையெல்லாம் படித்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி. மேலே ஃப்ளாஷ் எரியாமல் அவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது, அம்மா கண்ணாடியை மடக்கி மடக்கிப் பிரித்துக்கொண்டிருந்தபோது, உங்களுக்கு அந்த அம்மாவின் ஞாபகம் இருந்ததா? அல்லது "ரிசீவரைப் பாத்தாங்களா, ஷட்டர் வேகத்தைக் குறைச்சாங்களா" என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்ததா? "சைலன்ட்னு வந்தப்பவே எனக்குத் தெரியும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டீர்களா? அப்படியானால் எதற்கும் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். ரப்பர் இருக்கலாம்.

அடுத்த மாதம் அந்தக் குழந்தைக்கு ஒரு வயது. பெரியவர் மூன்று நாள் விடுப்புப் போட்டுவிட்டு வருகிறார். ஸ்டேஷனுக்குச் சின்னவர் போகிறார். கேமராக்காரப் பெண் அன்றைக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை சொந்தமாக ஒரு ஃப்ளாஷ் வாங்கியிருக்கிறார்.